ரோலர் இழுத்தவருக்கு எது சொந்த மண்?

2024 அக்டோபர் 17 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் இந்திய அணி 46 ரன்னுக்குச் சுருண்டது. உள்நாட்டில் ஆடிய டெஸ்ட் போட்டிகளில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். முந்தின நாள் முழுக்க மழை. மூடி வைத்திருந்த ஆடுகளத்தில் ஈரம், மேலே மேகம். நியூசிலாந்துக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் ஆடுவது போலவே இருந்திருக்கும். சரி என்று அடுத்த போட்டிக்குப் புனேவில் பந்து திரும்புகிற காய்ந்த ஆடுகளம் போட்டார்கள். அங்கே மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்துவிட்டார். மும்பையில் அஜாஸ் படேலுக்கு 11 விக்கெட். மூன்று போட்டியும் போயிற்று. 2012-க்குப் பிறகு சொந்த மண்ணில் ஒரு தொடரைக்கூட இழக்காமல், வரிசையாக 18 தொடர்களை வென்றிருந்த அணி அது.

அந்த நாட்களில் எங்கு திரும்பினாலும் ஒரே பேச்சு. சொந்த மண் சாதகம் எங்கே போயிற்று? நம் தோழர்களும் அதைத்தான் பேசினார்கள். படிப்பு வட்டம் முடிந்தபின் டீக்கடை வாசலில் நின்று, எந்த மண் போட்டிருக்க வேண்டும், எவ்வளவு புல் விட்டிருக்க வேண்டும் என்று வாதம் நடந்தது. அந்த வாதத்தில் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். இருபது ஓவர் ஆட்டத்துக்கு எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடுகளம் போடுகிறார்கள்; சிக்ஸர் பறக்க வேண்டும், அவ்வளவுதான். டெஸ்ட் அப்படியல்ல. ஐந்து நாள் ஆட்டத்தில் மண் தன் குணத்தைக் காட்ட நேரம் கிடைக்கிறது. முதல் நாள் ஈரம், மூன்றாம் நாள் வெடிப்பு, ஐந்தாம் நாள் புழுதி. பெர்த்தின் பழைய மைதானத்துக் களிமண்ணில் பந்து நெஞ்சுக்கு எழும்பும். லண்டன் லார்ட்ஸ் மைதானம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் சரிந்திருக்கும். பழக்கமில்லாத பந்து வீச்சாளருக்கு எந்தப் பக்கம் பந்து ஓடுகிறது என்று பிடிபடவே நேரமாகும். பந்துகூட ஒன்றல்ல. இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபரா, இந்தியாவில் எஸ்ஜி. (எஸ்ஜி பந்து மீரட்டில் தயாராகிறது. அந்த ஊர்ப் பக்கம் தோலைப் பதப்படுத்தி, வெட்டி, கையால் தைக்கிற வேலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். இது வர்ணனையில் வராது.)

நம் சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 ஜனவரியில் விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தது. அந்த வேகப்பந்து வீச்சைச் சமாளிக்க, சரியாகத் தயார் செய்யாத, முதல் நாளே புழுதி கிளம்பும் ஆடுகளத்தைப் போட்டார்கள். நரேந்திர ஹிர்வானி என்ற பத்தொன்பது வயதுப் பையன் தன் முதல் டெஸ்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். விக்கெட் கீப்பர் கிரண் மோரே ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஆடுகளம் எந்த அணியின் பக்கம் நின்றது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

நடுவர்களும் அந்தந்த நாட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். அதை உடைக்க முதலில் முன்வந்தது பாகிஸ்தான். 1986-இல் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்திய நடுவர்களை அழைத்தார்கள். 1994 முதல் ஒரு நடுவர், 2002 முதல் இரண்டு நடுவர்களுமே வெளிநாட்டவர் என்று விதி வந்தது. உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரனுக்குத் தீர்ப்புச் சொன்னால் நியாயம் கிடைக்காது என்று கிரிக்கெட் உலகம் ஒப்புக்கொள்ள நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஊர்ப் பஞ்சாயத்து பார்த்த நமக்கு அது புதிய செய்தி அல்ல.

மண், பந்து, வானிலை, கூட்டம், நடுவர். சொந்த மண் சாதகத்தை விளக்கும் எல்லாக் கட்டுரைகளும் இந்த ஐந்தோடு முடிந்துவிடும். சொந்த அணி என்பது ஒரே உடம்பு, அதில் இருக்கும் பதினோரு பேருக்கும் அது ஒரே மாதிரி சொந்த மண் என்பதுதான் அவற்றின் அடிப்படை. அரக்கோணத்தைக் களமாக வைத்து எடுத்த ‘ப்ளூ ஸ்டார்’ படம் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். ஊர் அணி, காலனி அணி என்று பிரிந்து கிடக்கும் இடத்தில் ஒரே மைதானம் ஒரு பையனுக்குச் சொந்தம், இன்னொருவனுக்கு வெளியூர். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்து வீச்சாளரின் கதையே அதுதான்.

பல்வங்கர் பாலு 1876-இல் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சாதி. தந்தை பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார். பூனாவில் வளர்ந்த பாலுவுக்கு முதலில் கிடைத்தது பார்சிகளின் ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி ரோலர் இழுக்கும் வேலை. மாதம் 3 ரூபாய். 1892-இல் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே 4 ரூபாய். ரோலர் இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது, எப்போதாவது டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போடுவது.

வலைப் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட ஆள் வேண்டியிருந்தது. பாலு போட்டார். இடது கை, மெதுவான சுழல். அணியின் சிறந்த மட்டையாளரான ஜே.ஜி. கிரேக், மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவின் பந்தில் பயிற்சி எடுப்பாராம். தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, இன்னொரு விஷயம் உண்மை. நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசிய பாலுவை அந்த கிளப்பில் ஒரு முறைகூட மட்டை பிடிக்க விடவில்லை. மட்டை துரைமாருக்கு, பந்து வீச்சு உழைப்பு, அதற்கு வேலைக்காரன் போதும்.

இந்தப் பிரிவினை பூனாவோடு நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலும் நெடுங்காலம் வேகப்பந்து வீச்சு கறுப்பர்களின் வேலை, மட்டையும் தலைமையும் வெள்ளையருக்கும் வெளிர்நிறத்தாருக்கும். 1960-இல் ஃபிராங்க் வொரெல் ஒரு முழுத் தொடருக்குத் தலைவராகும் வரை எந்தக் கறுப்பருக்கும் அது வாய்க்கவில்லை. அதற்கு முன் ஜார்ஜ் ஹெட்லிக்கு 1948-இல் ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

பாலுவின் சுழல் பூனா இந்துக்களின் காதுக்கு எட்டியது. அவர்களுக்கு வெள்ளையர் அணியை வெல்ல வேண்டும். அதற்கு ஒரு பந்து வீச்சாளர் வேண்டும். ஆனால் பாலு தீண்டத்தகாதவர். கொஞ்சம் சண்டை நடந்து, கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்ற பத்துப் பேரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவர்கள் பெவிலியனுக்குள் போனார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கியெறிந்துவிடக் கூடிய மண் குவளையில் டீ வந்தது. முகம் கழுவ வேண்டுமென்றால் இன்னொரு தலித் வேலையாள் தண்ணீர் கொண்டுவர வேண்டும். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டவர்களுக்கும், கொட்டாங்குச்சியில் குடித்த தாத்தா பாட்டி உள்ளவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு அணிக்கு என்னென்ன தொல்லை என்று ஒரு பட்டியல் போடுவார்கள்: பழகாத சாப்பாடு, ஒட்டாத மனிதர்கள், தனிமை, யாரும் நமக்காகக் கைதட்டாத மைதானம். பாலுவுக்கு இது அத்தனையும் தன் அணியின் பெவிலியன் வாசலிலேயே இருந்தது.

ஆடுகளம் தயாரிக்கும் அரசியலுக்கு வருவோம், சதாராவில் நடந்த ஒரு ஆட்டத்தை இந்தக் கட்டுரையில் விட முடியாது. பூனா இந்துக்கள் சதாராவின் ஐரோப்பியர் அணியோடு ஆடப் போனார்கள். பாலு வருகிறார் என்று தெரிந்ததும், அவர் சுழல் எடுபடாதபடி ஆடுகளத்தை ஒரு வாரம் முழுக்க ரோலர் போட்டு இறுக்கச் சொன்னார்களாம் சதாராக்காரர்கள். சொந்த மண் சாதகத்தின் ஆதி வடிவம் இது. இன்று கியூரேட்டர் என்ற பெயரில் நடப்பது அன்று ஒரு கூலியாளின் தோளில் நடந்தது. ஆனால் எதிரே வந்தவர் யார்? வருடக்கணக்கில் அதே ரோலரை இழுத்தவர். இறுக்கிய மண் எப்படி இருக்கும், எத்தனை மணிக்கு அதில் ஈரம் விடும், எந்த இடத்தில் பந்து பிடிக்கும் என்று அவருக்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. பாலு 7 விக்கெட் எடுத்தார், பூனா சுலபமாக வென்றது. அவருடைய ஞானம் ரோலரில் இருந்து வந்தது என்பது நம் ஊகம்தான். எந்தப் பதிவிலும் அப்படி எழுதியிருக்காது. எழுதியவர்கள் ரோலர் இழுத்தவர்கள் அல்ல.

திரும்பி வந்த பாலுவுக்குப் பூனாவில் பாராட்டுக் கூட்டம். நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடே மாலை போட்டார். பாலுவோடு ஆட முடிகிறவர்கள் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கவும் சாப்பிடவும் வேண்டும் என்று இந்து ஆட்டக்காரர்களிடம் சொன்னவரும் அவரே. நல்ல வார்த்தைதான். ஆனால் விக்கெட் எடுத்த பிறகு வந்த வார்த்தை. விக்கெட் எடுக்காத, வெறுமனே ரோலர் இழுத்த மற்றவர்களுக்காக அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை.

பின்னர் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கிருந்த இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்க்க முதலில் எதிர்ப்பு இருந்தது. 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலுவின் பந்து வீச்சு அதில் பெரும்பங்கு. இதற்குள் பாலுவின் தம்பி சிவராமும் அணிக்கு வந்துவிட்டார். அதுவரை வெளியே நின்றவர்கள் ஜிம்கானாவுக்குள் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்ததைச் சீர்திருத்தப் பத்திரிகைகள் பெரிதாகக் கொண்டாடின. பாலு ரோலர் இழுக்கத் தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் உள்ளே ஒரு தட்டுச் சோற்றுக்குப் பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனி இங்கிலாந்து. 1911 கோடையில் முதல் அகில இந்திய அணி அங்கே போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவர் களத்தில் இருந்ததைவிட விருந்துகளில் இருந்ததே அதிகம். பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அணி. அதில் பாலுவும் சிவராமும் இரண்டு தலித்துகள். பாலுவுக்கு வயது 35, தோளில் வலி.

சூழல் முற்றிலும் புதிது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஆடுகளங்களை மழைக்கு மூடி வைக்கும் வழக்கம் இல்லை. மழை பெய்து வெயில் அடித்தால் மெதுவான இடது கைச் சுழலுக்கு அது சொர்க்கம். ஆனால் 1911 கோடை இங்கிலாந்தின் வரலாற்றில் பதிவான கொடும் வெயில் கோடைகளில் ஒன்று. ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 36.7 டிகிரி. பாலு போன்றவர்கள் எதிர்பார்க்கும் மழை உதவி அந்த ஆண்டு குறைவு. அணி அடிக்கு மேல் அடி வாங்கியது. 14 முதல்தர ஆட்டங்களில் 10 தோல்வி, 2 சமன், 2 வெற்றி.

அந்த இரண்டு வெற்றியைப் பாருங்கள். லெஸ்டர்ஷயருக்கு எதிராக பாலு 11 விக்கெட். சாமர்செட்டுக்கு எதிராகக் கடைசி விக்கெட் கையில் இருக்கும்போது கிடைத்த வெற்றியில் சிவராம் ஆட்டமிழக்காமல் 113. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக பாலு ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பயணம் முடியும்போது முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட், எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114. மகாராஜா எடுத்துப் போன அணியின் மானத்தை இரண்டு சமார் சகோதரர்கள்தான் காப்பாற்றினார்கள்.

அந்நிய மண்ணில், அந்நிய வானிலையில், வலிக்கிற தோளோடு ஒருவர் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த பருவத்தை ஆடியிருக்கிறார். சொந்த மண் சாதகம் என்ற கோட்பாட்டை வைத்து இதை விளக்க முடியுமா? இங்கிலாந்தை நாம் புனிதமாக்கவில்லை. அது ஏகாதிபத்தியத்தின் தலைநகரம், நிறவெறி அங்கே நிறைய இருந்தது. ஆனால் ஒருவர் குடித்த கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும் என்ற சாஸ்திரம் லெஸ்டர் பெவிலியனில் இல்லை. பூனாவில் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்ததும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாலுவுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவின் வரவேற்புரையைத் தயாரித்தவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். பீமராவ் அம்பேத்கர். அண்ணலின் பொதுவாழ்வு மகத் குளத்தில் தொடங்கியது என்று சொல்லிப் பழகிய நமக்கு, அதற்கு முன்னால் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் மேடை இருந்தது என்பது மகிழ்ச்சியான செய்தி.

விக்கெட் சரி, தலைமை? பாலு அணியின் மூத்தவர், மிகச் சிறந்தவர். ஆனால் இந்து அணியின் தலைவராக அவரை ஒருபோதும் ஆக்கவில்லை. 1913-இல் எம்.டி. பாய் என்ற பிராமணர் தலைவரானார். இந்த மரியாதை என் நண்பர் பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்ற பொருளில் அவரே கூட்டத்தில் பேசினார். பேசினார், ஆனால் பதவியை ஏற்றுக்கொண்டார். 1920-இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். அப்போது சிவராமும் இன்னொரு தம்பி விட்டலும், சாதியின் பேரால் எங்கள் குடும்பத்தை அவமதிக்கிறீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு அணியிலிருந்து விலகினார்கள். இளம் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1920-இல், இந்து சமூகத்தின் பெருமை என்று கொண்டாடப்பட்ட ஒரு போட்டியில், இரண்டு தலித் ஆட்டக்காரர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இது. அதன் பிறகு பாலுவைத் துணைத் தலைவராகச் சேர்த்தார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியே போய், பாலு தலைமை தாங்க வழிவிட்டார். சில ஓவர்களுக்குக் கிடைத்த தலைமை அது.

1923-இல் விட்டல் தலைவரானார். அந்த ஆண்டே இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களில் சாதி இந்துக்களும் இருந்தார்கள். அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தின் பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிக் காகிதத்தில் கிடந்தது. அதை நடைமுறைப்படுத்த அண்ணல் மகத்தில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அடி விழுந்தது. தோளில் தூக்குவதும் குளத்தில் அடிப்பதும் ஒரே சமூகத்தின் இரண்டு கைகள்.

பாலுவின் பிற்கால அரசியலை நம்மில் பலர் பேசத் தயங்குகிறோம். தயங்க வேண்டியதில்லை. அவர் காந்தியின் பக்கம் நின்றார். 1932-இல் நம் எம்.சி. ராஜாவைப் போலவே கூட்டுத் தொகுதிக்கு ஆதரவாக இருந்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் இருவரும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அண்ணலுக்கு எதிராகக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அண்ணலுக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. இருபது ஆண்டுகளாகத் தலைமையைக் கொடுக்காமல் வெறுமனே பந்து வீச வைத்தவர்கள், கடைசியில் அண்ணலுக்கு எதிராகவும் அவரைப் பந்து வீச வைத்தார்கள் என்றுதான் நாம் இதை வாசிக்கிறோம். பாலுவிடம் தவறே இல்லை என்று சொல்லவில்லை. அவர் தேர்ந்த பாதை தவறு. ஆனாலும் அந்த விழாவில் உரை எழுதிக் கொடுத்த மாணவருக்கு அவர் யார் என்று தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1932-இல் இந்தியா லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடியபோது பாலுவுக்கு 56 வயது. டெஸ்ட் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியலில் நம் மக்கள் எத்தனை பேர்? 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்த ஒரு கட்டுரை, அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஏறத்தாழ 290 ஆண்களில் தலித்துகள் என்று அறியப்பட்டவர்கள் 4 பேர் என்றது. கியூரேட்டர் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார் என்று நான்கு நாள் விவாதிக்கிறவர்கள் இந்த எண்ணை நான்கு நிமிடம் விவாதித்துப் பார்த்ததில்லை.

சாதியைப் பற்றி எழுதும்போது நிறவெறியையும் சேர்த்துப் பார்ப்பது நம் வழக்கம். சொந்த மண் விஷயத்தில் தென் ஆப்பிரிக்காவைப் பார்க்காமல் முடிக்க முடியாது. அந்நாடு 1889-இல் போர்ட் எலிசபெத்தில் முதல் டெஸ்ட் ஆடியது. 1970 வரை அது டெஸ்ட் ஆடியது மூன்றே நாடுகளுடன்: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. மேற்கிந்தியத் தீவுகளுடன் ஒரு முறைகூட இல்லை; இந்தியாவுடன், பாகிஸ்தானுடன் இல்லை. கடைசித் தொடரில் ஆஸ்திரேலியாவைச் சொந்த மண்ணில் 4-0 என்று நொறுக்கினார்கள், உலகின் மிகச் சிறந்த அணி என்று இன்றும் சிலர் உருகுவார்கள். ஆடுகளத்தை மட்டுமல்ல, எதிரியின் தோல் நிறத்தையும் தேர்ந்தெடுத்துக்கொண்ட அணியின் சாதனையை எப்படி அளப்பது?

உள்ளேயும் அதே கதை. 1892-இல் இங்கிலாந்திலிருந்து போன அணி கேப் டவுனில் மலாய் ஆட்டக்காரர்களோடு ஒரு ஆட்டம் ஆடியது. அதில் பந்து வீசிய கிரோம் ஹென்ட்ரிக்ஸின் வேகத்தைக் கண்டு, இவரை இங்கிலாந்துக்கு அனுப்புங்கள் என்று வந்தவர்களே சொன்னார்கள். 1894 சுற்றுப்பயண அணியில் அவரைச் சேர்க்கவில்லை. நிறம்தான் காரணம், முடிவின் பின்னால் செசில் ரோட்ஸின் கேப் அரசாங்கம் நின்றது. வெளியிலிருந்து வந்தவன் தகுதியைப் பார்க்கிறான், சொந்த நாட்டுக்காரன் கதவைச் சாத்துகிறான்.

கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கம்பி வேலி போட்ட தனி இடம் இருந்தது. கூண்டு என்றுதான் அதைச் சொல்வார்கள். அந்தக் கூண்டுக்குள் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வந்த அணிக்குக் கைதட்டினார்கள். ஆஸ்திரேலியா வந்தால் ஆஸ்திரேலியாவுக்கு, இங்கிலாந்து வந்தால் இங்கிலாந்துக்கு. சொந்த மண்ணின் கூட்டம் சொந்த அணிக்கு ஆதரவு என்ற விதி அங்கே கம்பி வேலியோடு நின்றுவிட்டது. நம்மில் சிலர் இந்திய அணி தோற்றால் வருந்தாததைக் கண்டு தேசத்துரோகி என்று திட்டுகிறவர்களுக்கு இந்தக் கூண்டைக் காட்டலாம்.

அந்த நகரத்தில் வளர்ந்தவர்தான் பேசில் டி’ஒலிவேரா. கல்லும் சரளையுமான நிலத்தில் பாய் விரித்து ஆடிப் பழகியவர். நாட்டின் புல் ஆடுகளங்கள் வெள்ளையருக்கு. 1960-இல் இங்கிலாந்தின் மிடில்டன் கிளப்புக்குப் போனார். ஈரமான, மந்தமான ஆடுகளம் அவருக்கு முற்றிலும் புதிது. முதல் ஐந்து இன்னிங்ஸில் சேர்த்து 25 ரன்தான். அந்தப் பருவம் முடியும்போது லீக் சராசரியில் முதலிடம், சோபர்ஸுக்கும் மேலே. வேறு மண்ணைக் கற்றுக்கொள்ள அவருக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. பிறந்த மண்ணில் ஆட ஒரு வாழ்நாள் போதவில்லை. 1966-இல் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடினார். 1968 ஆகஸ்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தும், தென் ஆப்பிரிக்கா போகும் அணியில் முதலில் அவரைச் சேர்க்கவில்லை. டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி’ஒலிவேரா பெயர் வந்தது. இந்த அணியை ஏற்க மாட்டோம் என்றார் பிரதமர் ஃபோர்ஸ்டர். சுற்றுப்பயணம் ரத்து. இரண்டே ஆண்டில் தென் ஆப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர்களுக்குச் சொந்த மண்ணிலும் டெஸ்ட் இல்லை, வெளி மண்ணிலும் இல்லை.

தடை நீங்கியபின் அவர்கள் சொந்த மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் 1992 நவம்பர் 13 அன்று டர்பன் கிங்ஸ்மீடில் தொடங்கியது. எதிரணி இந்தியா. டர்பன் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் ஊர் அது. சேரிகளிலிருந்து போனவர்கள் அவர்களில் கணிசம். அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் அதே மைதானத்தில் ஒதுக்கப்பட்ட பகுதியில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அந்த டெஸ்டில்தான் முதன்முதலாகத் தொலைக்காட்சியைப் பார்த்து மூன்றாவது நடுவர் ரன் அவுட் கொடுத்தார். அவுட் ஆனவர் டெண்டுல்கர். பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்டில் சதம் அடித்தார். எல்லாரும் இதைத்தான் எழுதினார்கள்.

தென் ஆப்பிரிக்க அணியில் ஸ்டெல்லன்பாஷைச் சேர்ந்த ஒமர் ஹென்றி இருந்தார். வெள்ளையர் அல்லாதவர். பாலுவைப் போலவே மெதுவான இடது கைச் சுழல். அது அவருடைய முதல் டெஸ்ட். வயது 40.